உறை பிரிக்காத டிவிடி

அன்புள்ள சார்,

யுகோஸ்லாவிய இயக்குநர் துஷான் மகவேயெவின் ‘டபிள்யூ.ஆர்.: மிஸ்டரீஸ் ஆஃப் தி ஆர்கனிசம்’ டிவிடி, முக்கியமான படங்களை டிவிடியாகக் கொண்டுவரும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் வெளியீடு, உறை பிரிக்காமல் என் கைக்கு வந்திருக்கிறது. பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்கிறார்கள் டிவிடி சேகரிக்கும் நண்பர்கள். பாலியல் விடுதலை பற்றிய நகைச்சுவைப் படமாம். வெறும் கிளுகிளுப்புதானோ என்றும் தயக்கம். என்ன செய்யலாம்?

முரளி

அன்புள்ள முரளி,

பிரித்துவிடுங்கள்.

1971இல் வந்த இந்தப் படத்தில் பாதி ஆவணப்படம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டின் வட்டத்திலிருந்து வந்த மனநல மருத்துவர் வில்ஹெல்ம் ரைக்கைப் பற்றியது. உடலின் இன்பத்தை ஒடுக்கும் சமூகத்தில்தான் சர்வாதிகாரம் வேர்பிடிக்கிறது என்றவர் அவர். அமெரிக்காவில் குடியேறி, உயிராற்றலைச் சேர்த்துவைப்பதாகச் சொல்லி மரப்பெட்டிகள் செய்தார். அவற்றுக்கு அரசு நீதிமன்றத்தில் தடை வாங்கியது, மீறியதற்குச் சிறை. 1956இல் அவருடைய புத்தகங்களையும் எரித்தார்கள். மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். அந்தப் பெட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்காகப் புத்தகத்தை எரிப்பதா?

மறுபாதி யுகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் நடக்கும் கதை. அடுக்குமாடிக் குடியிருப்பில் நின்றுகொண்டு, காதலில் சுதந்திரம் இல்லாமல் புரட்சி இல்லை என்று அக்கம்பக்கத்தாரிடம் முழங்குகிறாள் மிலேனா. அவள் மயங்குவதோ சோவியத்திலிருந்து வந்த ஐஸ் ஸ்கேட்டிங் வீரனிடம். பெயர் விளாதிமிர் இலியிச், லெனினின் பெயரேதான்! ஆசையோடு தொட்டவளை அறைகிறான். கடைசியில் அவளோடு கூடியபின் ஸ்கேட் காலணியின் இரும்பால் தலையைத் துண்டிக்கிறான். பிரேதப் பரிசோதனைக் கூடத்தில், தட்டில் வைத்த அந்தத் தலை பேசத் தொடங்குகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கிளுகிளுப்பைத் தேடி வருபவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

யுகோஸ்லாவியாவில் பல ஆண்டுகள் தடை. மகவேயெவ் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. இந்தப் படம் அரிய பொருளானதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். அப்படி மறைக்கப்பட்ட படத்தை நாமும் பூட்டிவைப்பது எனக்கு ஒப்பவில்லை. பழைய போஸ்டரைத் தேடி வாங்கிச் சுவரில் மாட்டுபவர்மீது எனக்கு மரியாதை உண்டு; அவர் அதைத் தினமும் பார்க்கிறார்.

சேகரிப்பவருக்கான உண்மையான புதையலும் உறைக்குள்தான் இருக்கிறது. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக, ஆட்சேபம் எழுந்த இடங்களை மகவேயெவே மறைத்துக்கொடுத்தார். கறுப்புப் பட்டை ஒட்டவில்லை, தங்கமீன்களை நீந்தவிட்டார்! அந்தப் பகுதிகள் கூடுதல் காட்சிகளில் இருக்கின்றன. 1994இல் தன்னைப் பற்றி அவர் எடுத்த ‘ஹோல் இன் த சோல்’ என்ற படமும் உண்டு.

முதலில் முழுப் படத்தையும் பாருங்கள். மீன்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த நண்பர்களையும் கூப்பிடுங்கள்.