ஹவில்தார் சூப்பர்வைசர் ஆகலாமா?

கேள்வி: 17 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கடைசியில் ஸ்டோர் பொறுப்பு. பக்கத்திலிருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலைக்கு இரண்டு இடத்தில் ஏறி இறங்கிவிட்டேன். ஒரு இடத்தில் ‘புரொடக்‌ஷன் அனுபவம் இல்லை’ என்றார்கள். இன்னொரு இடத்தில் செக்யூரிட்டி வேலை தருகிறோம் என்றார்கள். ஆள் நடத்தின அனுபவம் செல்லாக்காசா? வேலையே கிடைத்தாலும் 25 வயது இன்ஜினியருக்குக் கீழே எப்படி இருப்பது?
- பெயர் வேண்டாம், சத்தியவேடு

பதில்: செல்லாக்காசு இல்லை தம்பி. கோளாறு நீங்கள் கூடவே அனுப்பிய பயோடேட்டாவில் இருக்கிறது. ‘ஒழுக்கம், கட்டுப்பாடு, தலைமைப் பண்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாளத்திலிருந்து வருகிற எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். படிப்பவர் கண்ணுக்கு கம்பெனி கேட்டும் வாட்ச்மேன் விசிலும்தான் தெரியும். அதை அடித்துவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள். எத்தனை பேரை வைத்து என்ன வேலையை முடித்தீர்கள்? ஸ்டோரில் லெட்ஜரும் இருப்பும் ஒத்துப்போகாதபோது எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஸ்ரீசிட்டியில் ஜப்பான் கம்பெனிகள் நிறைய. அங்கே ‘5 எஸ்’ என்று உயிரை வாங்குவார்கள். வேண்டாததை அகற்று, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம், சுத்தம் என்று போகும். உடுப்பையும் சாமானையும் வரிசையாக அடுக்கிவைத்து கிட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நின்றவருக்கு அதில் என்ன புதுசு?

அதைவிட அநியாயம், ஹிந்தி தெரியும் என்று ஒரு வரிகூட இல்லை! ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிற்கிற லைனில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் வேலை வாங்கத் தெரிந்தவர் லேசில் கிடைக்கமாட்டார்.

புரொடக்‌ஷன் தெரியாது என்பது உண்மை, மறைக்க வேண்டாம். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். போகிறவர் லாக் புக்கில் ‘மெஷின் ஓகே’ என்று கிறுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். டை (மெஷினில் மாட்டுகிற அச்சு) எப்போது மாற்றினது, மாற்றின பிறகு முதல் பீஸை குவாலிட்டி பார்த்தாச்சா, ரிஜெக்ட் பெட்டியில் கிடப்பதில் என்ன குறை என்று வருகிறவர் அவரைப் பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டும். கேட்காமல் பட்டனை அமுக்கினால் விடிய விடிய ஸ்கிராப்தான். டியூட்டி ஒப்படைப்பதும் வாங்குவதும் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு.

அதட்டலை மட்டும் பாரக்கிலேயே விட்டுவிடுங்கள். சிப்பாய் முறைத்துக்கொண்டாவது நிற்பான். கான்ட்ராக்ட் பையன் சம்பளம் வாங்கின கையோடு பக்கத்து கம்பெனியில் சேர்ந்துவிடுவான். ‘ஆபரேட்டர் சொல்பேச்சு கேட்காவிட்டால்?’ என்ற கேள்வி இன்டர்வியூவில் அநேகமாக வரும். ‘ரிப்போர்ட் எழுதுவேன்’ என்றால் கதை முடிந்தது. கை மாட்டாமல் இருக்க மெஷினில் போட்டிருக்கிற பாதுகாப்பு மூடியை, அதாவது மெஷின் கார்டை, கழற்றிவிட்டு ஓட்டுகிறான் என்று வையுங்கள். முதலில் மெஷினை நிறுத்துவேன், அதில் பேச்சே இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு ஏன் கழற்றினாய் என்று கேட்பேன் என்று சொல்லுங்கள். பாதி நேரம் டார்கெட்தான் காரணமாக இருக்கும். அதை மேலே எடுத்துச் சொல்வதும் சூப்பர்வைசர் வேலைதான்.

டிப்ளமோ இல்லையென்று, சூப்பர்வைசருக்கு ஒரு படி கீழே லைன் லீடராகச் சேரச் சொன்னால் சேருங்கள். செக்யூரிட்டி வேலை கேவலமில்லை. ஆனால் கேட்டில் நின்றவரை லைனுக்கு மாற்ற எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது.

25 வயது இன்ஜினியரா? அகாடமியிலிருந்து நேராக வந்திறங்கிய லெப்டினன்ட் எத்தனை பேருக்கு சல்யூட் அடித்து, ‘சாப், இந்த வழியாகப் போனால் நல்லது’ என்று பக்குவமாகச் சொல்லியிருப்பீர்கள்!