‘லக்கி ஸ்பின்’னில் கரைந்த 640 ரிங்கிட்: இது சூதாட்டமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. 12 வயது மகன் என் கைப்பேசியில் ஓர் இலவச விளையாட்டு விளையாடுவான். அதில் ‘வைரம்’ வாங்கி, ‘லக்கி ஸ்பின்’ சுழற்றியே 640 ரிங்கிட்டைக் கரைத்துவிட்டான். பாதி கூகுள் பிளே வழியாக என் இ-வாலட்டில் போனது. மீதி கடையில் வாங்கிய டாப்-அப் கார்டு. இது சூதாட்டம்தானே? போலீசில் சொல்லலாமா? இதைச் சூதாட்டமாக அறிவித்துத் தடை செய்யச் சொல்லி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தீர்மானம் போடப் போகிறார்கள். நான் கை தூக்கலாமா?

பதில்: முதலில் பணத்தைப் பார்ப்போம், சட்டத்தை அப்புறம் பேசலாம். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுள் பிளேயிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். என் அனுமதி இல்லாமல் பிள்ளை வாங்கிவிட்டான் என்று காரணத்தை நேராக எழுதுங்கள். அந்த நேரம் தாண்டியிருந்தால் விளையாட்டு நிறுவனத்துக்கே எழுத வேண்டும். நம் மலேசியாவில் 18 வயதாகாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால், வாங்கியது நீங்கள்தான் என்று அவர்கள் வாதாடுவார்கள். இருந்தாலும் கேளுங்கள். குறியீட்டைச் சுரண்டிப் பயன்படுத்திவிட்ட கார்டுக்குப் பணம் திரும்புவது கடினம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அவரை அங்கே வரவழைப்பது பெரும்பாடு. போலீஸ் புகாரால் பயன் இருக்காது என்பது என் கருத்து.

ஏன் என்றால், 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம், பணத்துக்காகவோ பணமதிப்புள்ள பொருளுக்காகவோ ஆடும் அதிர்ஷ்ட விளையாட்டைத்தான் சூதாட்டம் என்கிறது. உங்கள் மகன் ஜெயித்ததோ, திரையில் ஒரு வீரனுக்குப் போடும் சட்டை. ‘அதை விற்றுக் காசாக்க நாங்கள் விடுவதில்லை, அதனால் அதற்குப் பணமதிப்பு இல்லை’ என்று விளையாட்டு நிறுவனங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

ஆனால் பிள்ளைக்கு நடப்பது என்ன? பழைய மளிகைக் கடைகளில் 10 காசு, 20 காசு கொடுத்துத் திக்காம் என்ற அதிர்ஷ்டச் சீட்டைக் கிழித்தவர்களுக்கு இது புரியும். அங்கே அட்டையில் எத்தனை சீட்டு மீதி, எந்தப் பரிசு இன்னும் தொங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கிழிக்கக் கிழிக்கச் சீட்டு குறையும். லக்கி ஸ்பின்னில் எதுவும் குறைவதில்லை, பெரும்பாலும் ஒவ்வொரு சுழற்சியும் முதலிலிருந்துதான். வாய்ப்பு 100க்கு 1 என்று போட்டிருந்தால், 100 தடவை சுழற்றினால் கிடைத்துவிடும் என்று பையன் நம்புவான். உண்மையில் அப்படி 100 தடவை சுழற்றும் 100 பேரில் சுமார் 37 பேருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ‘இன்னும் ஒரு தடவை’ என்று அவன் சுழற்றியது இந்தக் கணக்கு தெரியாமல்தான். அவனைத் திருடன்போல் நடத்தாதீர்கள்.

தீர்மானத்துக்கு வருவோம். ‘சூதாட்டம்’ என்ற பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பெல்ஜியம் 2018இல் சில விளையாட்டுகளின் லூட் பாக்ஸை, அதாவது காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியை (லக்கி ஸ்பின்னும் இதே வகைதான்), சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. சில ஆண்டுகள் கழித்து, அங்கே அதிகம் சம்பாதிக்கும் 100 ஐபோன் விளையாட்டுகளை ஓர் ஆய்வு எடுத்துப் பார்த்தபோது 82இல் அது இருந்தது. நெதர்லாந்தில் லூட் பாக்ஸுக்காக இஏ என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு விதித்த 1 கோடி யூரோ அபராதத்தை 2022 மார்ச்சில் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. கால்பந்து விளையாட்டில் வரும் அந்தப் பெட்டி தனி ஆட்டமே இல்லை என்று சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைப் பிடித்து, 2025 ஜனவரியில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற விளையாட்டின் வெளியீட்டாளரை 2 கோடி டாலர் கட்டச் சம்மதிக்க வைத்தார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் அனுமதி இல்லாமல் லூட் பாக்ஸ் விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. அது சூதா இல்லையா என்ற வழக்கே அங்கே தேவைப்படவில்லை.

எனவே கை தூக்குங்கள், ஆனால் வாசகத்தை மாற்றச் சொல்லுங்கள். ஜெயித்ததை வெளிச்சந்தையில் காசாக்க முடிகிற விளையாட்டுக்குச் சூதாட்டச் சட்டமே பொருந்தட்டும், கெந்திங் கேசினோவில் 21 வயது கேட்கிறார்களே, அப்படி. மற்றவற்றில், காசு வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தை விற்பது 18 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. விலையை வைரத்தில் அல்ல, ரிங்கிட்டில் காட்ட வேண்டும். வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பது பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இப்படி எழுதி, உள்நாட்டு வணிகம், வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு அனுப்புங்கள், தொடர்பு அமைச்சுக்கும் ஒரு நகல் போகட்டும். அதற்குள், கூகுள் பிளே அமைப்புகளில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். உங்கள் விரல்ரேகையோடு மகனுடையதும் அந்தக் கைப்பேசியில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.