கஷ்ட காலத்தில் கடவுள் பக்கத்தில் இருப்பதை எப்படி உணர்ந்தீர்கள்?

மூன்று வருடத்துக்கு முன்னால் இயேசுவை ஏற்றுக்கொண்டீர்கள், அன்றிலிருந்து வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அக்கா மகள் சடங்குக்குக்கூடக் கூப்பிடவில்லை, பைபிளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படிக்கிறீர்கள், ஆனால் ஜெபிக்கும்போது சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததால்தான் பதில் எழுதுகிறேன், இல்லையென்றால் இந்த மாதிரிக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுவேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கஷ்டம் நடந்துகொண்டிருந்தபோது நான் எதையும் உணரவில்லை. உடம்பு சிலிர்க்கவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. செபமாலையை உருட்டிக்கொண்டே நாளைக்கு வக்கீலுக்கு எவ்வளவு கொடுக்கணும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆள் நான். இன்னொன்று, நான் பிறவிக் கத்தோலிக்கன். சாமி கும்பிடுகிறேன் என்பதற்காக என்னை யாரும் ஒதுக்கியதில்லை. அதனால் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை, எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் புலியூர்க்குறிச்சி, அங்கே முட்டிடிச்சான் பாறை. மறைக்கல்வி வகுப்பில் எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கத்துப் புனிதர் தேவசகாயத்தைச் சங்கிலி போட்டு இழுத்துவந்தபோது தாகம் தாங்காமல் அந்தப் பாறையில் முழங்கை முட்டியால் இடித்தார், தண்ணீர் வந்தது என்பது ஊர்க்கதை. சின்ன வயதில் எங்களுக்குப் பிடித்ததும் அந்தத் தண்ணீர்க் கதை மட்டும்தான். நாற்பதை நெருங்கும்போது என் தலையில் ஒரு இடி விழுந்தது, அப்புறம்தான் அந்த மனிதரின் மீதிக் கதை எனக்குக் கண்ணில் பட்டது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தேவசகாயம் 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர், அப்போது பெயர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரி. ஆடுமாடு செத்து, பயிர் பாழாகி, வீட்டில் ஒன்றுமேல் ஒன்றாக அடி விழுந்து ஆள் சோர்ந்துபோயிருந்த நேரத்தில் அவரிடம், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். இந்த டிலனாய் யார்? 1741 குளச்சல் போரில் மகாராஜாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவன். பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி ஆனவர், உதயகிரிக் கோட்டைக்குள் இப்போதும் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், யோபு கதையைச் சொன்னவர் எல்லாம் நன்றாக இருந்த ஒரு உபதேசி இல்லை. தோற்றவர், கைதியாக வந்தவர், சொந்த ஊரைத் திரும்பிப் பார்க்கவே முடியாமல் இங்கேயே செத்தவர். அப்படிப்பட்டவர் வாயில் யோபு கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

1745-இல் நீலகண்டன் வடக்கன்குளத்துக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கினார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவி அம்மாளும் மதம் மாறி ஞானப்பூ ஆனார். 1749-இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராகச் சுற்றிக் காட்டினார்கள், அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள் என்று சொல்வார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். (அவர் தண்டிக்கப்பட்டது மதத்துக்காக அல்ல, ராஜதுரோகத்துக்காக என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று அவர் பேசியதுதான் மேல்தட்டுக்காரர்களுக்கு எரிந்தது என்று திருச்சபை சொல்கிறது, அது எனக்கு நம்பும்படி இருக்கிறது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா, அதே வடக்கன்குளத்துக் கோயிலில் பின்னாளில் சாதிக்கொரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்து உட்கார்ந்து பூசை கண்டார்கள், 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். புனிதர் பெயரைச் சொல்வது சுலபம்.)

1749-க்கும் 1752-க்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம். மறைக்கல்வி வகுப்பில் இந்த மூன்று வருடத்தை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவரை மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், வெயில், மழை, கொசு, காயத்தில் மொய்க்கிற ஈ, காவலாளியின் கொட்டாவி. ஒவ்வொரு நாளுமா அற்புதம் நடந்திருக்கும்? பாறையில் தண்ணீர் வந்தது ஒரு நாள். மீதி ஆயிரம் நாளும் தண்ணீர் வராத நாள்தானே. நீங்கள் இப்போது இருப்பது அந்த ஆயிரத்தில் ஒன்றில் என்று நினைக்கிறேன். அவரை யாராவது எருமை மேல் ஏற்றினால் ஊரே பார்க்கும், உங்களை யாரும் அடிக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டை மட்டும் தனியாக வைக்கிறார்கள், அது யார் கண்ணிலும் படாது. ஞானப்பூ அம்மாளைப் பற்றியும் அப்படித்தான் நினைப்பேன். புருஷனுக்குச் சிலை இருக்கிறது, திருவிழா இருக்கிறது. சொந்தபந்தத்தை விட்டு வடக்கன்குளத்தில் மீதிக் காலத்தை ஓட்டிய அந்த அம்மாள் எத்தனை சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரோ.

சரி, என் கதை. நான் வெளியூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். இருப்புப் பதிவேட்டில் இல்லாத சரக்கை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் பெரிய யோக்கியன் என்பதால் மறுக்கவில்லை, பயத்தில்தான் மறுத்தேன். இரண்டு மாதத்தில் சரக்கு காணாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று என் மேலேயே புகார். வேலை போச்சு, ஊருக்கு வந்தேன். ஒன்றரை வருடம். மாதம் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காலை பத்து மணியிலிருந்து உட்கார வேண்டும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு "அடுத்த வாரம் வா" என்பார்கள். தங்கச்சிக்குப் பார்த்திருந்த சம்பந்தம் தட்டிப்போனது. கோயிலில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் எப்போதும் காலியாக இருக்கும், தற்செயலாகத்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்பியத்திலிருந்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற குழு) வந்த ஒருவர் "கடவுள் யாரை நேசிக்கிறாரோ அவரைத்தான் சோதிப்பார்" என்றார். இன்னொருவர், குடும்பத்தில் ஏதாவது பழைய பாவம் பாக்கியிருக்கும், ஒரு ஒன்பது நாள் செபம் பண்ணுங்கள் என்றார். மூன்றாமவர் நேரடியாகவே "நெருப்பில்லாமல் புகையுமா தம்பி" என்று கேட்டுவிட்டு அம்மா கொடுத்த சாயாவையும் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி ஆத்திரத்தில்தான் யோபு நூலை எடுத்து முதலிலிருந்து படித்தேன், 42 அதிகாரமும். பூசையில் ரெண்டு மூன்று துண்டு வாசிப்பார்கள், 'ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார்' என்பதோடு யோபு முடிந்துவிட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். முடியவே இல்லை. மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளைச் சபிக்க ஆரம்பிக்கிறவர் அதற்குப் பிறகு கடவுளைக் கேட்கிற கேள்வியெல்லாம் நம் வீட்டில் கேட்டால் அம்மா வாயில் போடுவாள்.

நண்பர்கள் மூன்று பேரும் வந்தவுடன் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏழு நாள், ஏழு ராத்திரி அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் கெட்டது. கடவுளுக்கு வக்கீலாகி, நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பாய் என்று அடுக்குகிறார்கள். கடைசியில் கடவுள் வந்து யார் மேல் கோபப்படுகிறார்? சண்டை போட்ட யோபு மேல் இல்லை, தனக்காக வாதாடிய இந்த மூன்று பேர் மேல். யோபு பேசினதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அந்த வருடத்தில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன்.

அதனால் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது என்று சொன்னீர்களே, பேசுங்கள். நல்ல பிள்ளையாக 'உமது சித்தம்' என்று முடிக்காமல், அக்கா கூப்பிடாத அந்தச் சடங்கன்றைக்கு வயிறு எப்படி எரிந்தது என்று அப்படியே திட்டுங்கள். ஆளே இல்லாத வீட்டு வாசலில் நின்று யாரும் சண்டை போடுவதில்லை.

எங்கள் சித்தப்பா ஒருத்தர், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் மத்தியானம் வீடு. கோயிலுக்குப் பெரிய திருவிழாவுக்கு மட்டும்தான் வருவார், அதுவும் வாசல் வரை. நான் ஊருக்கு வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "மக்களே, சாயா உண்டா?" கட்டஞ்சாயா கொடுத்தோம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடியே விரலிடுக்கில் கருப்பாக ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை, அதாவது காய்ந்துபோன ரப்பர் பாலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு சின்ன உருண்டையாக்கித் திண்ணை ஓரத்தில் வைத்தார். ஏழு மணி ஆனதும் "வாறேன்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகக்கூட இருந்தது, இந்த ஆளுக்கு வேறு வேலையில்லையா என்று. மழைக்காலத்தில் பால்வெட்டு கிடையாது, விரல் சுத்தமாக இருக்கும், அப்போதும் வந்தார், உருட்ட ஒன்றும் இல்லாமல் சும்மா இருந்தார்.

ஒருவழியாகப் புகாரில் ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வாரம் அம்மா பரணில் எதையோ தேடும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். தினமும் திண்ணையைப் பெருக்கும்போது அந்த உருண்டைகளை வீசாமல் அதில் போட்டு வைத்திருக்கிறாள். அரைச் சிரட்டைக்கு மேலே, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. "வித்தா அஞ்சு ரூவா கிடைக்கும்" என்றாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்தச் சிரட்டை மட்டும்தான், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு கிடைத்தது.

உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற இரண்டு விஷயம் இருக்கிறது. வீட்டில் பேசாமல் இருப்பது வேறு, கை வைப்பது வேறு. யாராவது அடித்தாலோ பூட்டி வைத்தாலோ, தேவசகாயம் தாங்கினாரே என்று நீங்களும் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள், அவர் கையில் சங்கிலி இருந்தது, உங்கள் கையில் போன் இருக்கிறது, 181-க்கு அடியுங்கள், அது பெண்களுக்கான உதவி எண். இன்னொன்று, உங்கள் சபையில் அற்புத சாட்சி சொல்கிறவர்களை விட்டுவிட்டு, பேசாமல் கூட உட்காரக்கூடிய ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். சபையில் இல்லையென்றால் வெளியில் பாருங்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டிலேயேகூட ஒருத்தர் இருக்கலாம், தனித் தட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு மீன் துண்டு கூடுதலாக வைக்கிற கை யாருடையது என்று கவனித்தீர்களா?

போன ஜனவரியில் சித்தப்பாவைக் கட்டாயப்படுத்திக் காற்றாடிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயருக்கேற்ற மாதிரி காற்று ஆளைத் தள்ளுகிறது, முப்பந்தல் பக்கம் பார்த்தால் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. அங்கே மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு, சின்னக் கல்லால் தட்டினால் கோயில் மணிபோலக் கணீர் என்று கேட்கும். மூச்சு வாங்க அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்: "சித்தப்பா, அந்த ஒன்றரை வருசம் தெனமும் வந்தீங்களே, ஒரு வார்த்தை ஏன் பேசல?"

அவர் ஒரு கல்லைத் தேடி எடுத்தார். "எனக்குப் பேச என்னத்த மக்களே தெரியும்? அதுவும் போக, அந்த நேரத்துக்கு வீட்டுல இருந்தா உங்க சித்தி ஏசுவா" என்று சொல்லிவிட்டுப் பாறையில் தட்டினார்.