மகனுக்குக் கொடுத்த 22 லட்சம் திரும்ப வருமா? வீட்டையும் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் நான். வயது 66. ஓய்வுக்காலப் பணத்திலிருந்து 2022 ஜூனில் 22 லட்சம் ரூபாயை, சென்னையில் ஃபிளாட் வாங்குவதற்காக மகனின் கணக்குக்கு அனுப்பினேன். வங்கியில் கேட்டார்கள் என்று ஏதோ ஒரு படிவத்திலும் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். "கடைசிக் காலத்தில் நீங்களும் அம்மாவும் எங்களோடுதான், தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்து லட்சம் தருகிறேன்" என்று அப்போது சொன்னான். ஃபிளாட்டை மகன், மருமகள் இருவர் பெயரிலும் பதிவு செய்தார்கள். போன தீபாவளிக்குப் போனபோது மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாளே ஊர் திரும்பினோம். வருகிற தையில் மகள் கல்யாணம் பேசுகிறோம். பணத்தைக் கேட்டால், "திருச்சி வீட்டை எனக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், அதை வைத்து லோன் எடுத்துக் கல்யாணத்தை நடத்துகிறேன்" என்கிறான். வீடு நான் கட்டியது, என் பெயரில் இருக்கிறது. 22 லட்சத்தைத் திரும்பப் பெற வழக்குப் போடலாமா? வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் எனக்குத் தேவைப்பட்டது அரை வரிதான்: "வங்கியில் கேட்டார்கள் என்று ஏதோ ஒரு படிவத்திலும் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன்." மருமகள் பேசாதது, தீபாவளி, மூன்றாம் நாள் திரும்பியது எல்லாம் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று புரிகிறது. வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. ஒதுக்கி வைத்துவிடுவோம்.

வீட்டுக் கடன் எடுப்பவர் தன் பங்குக்கு ஒரு தொகை போட வேண்டும். அது வேறொருவர் கணக்கிலிருந்து வந்திருந்தால், எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும். அதற்காகப் பெற்றோரிடம் வாங்குவதுதான் அன்பளிப்புக் கடிதம். நான் பார்த்தவற்றில் மூன்று விஷயம் தவறாமல் இருக்கும்: இது மகன் மீதுள்ள அன்பினால் தரும் தொகை, இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன், வாங்கும் வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கடனாகக் கொடுத்தேன் என்று நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

என் அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் பலர் விழுந்த பள்ளம் இது. வீட்டில் பேசியது ஒன்று, வங்கியில் எழுதிக் கொடுத்தது வேறொன்று. வாய்ப்பேச்சுக்குச் சாட்சி உங்கள் மனைவி மட்டும்தான். எழுத்துக்குச் சாட்சி உங்கள் கையெழுத்து.

அந்தக் கடிதமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கைமாற்றுக் கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலவரம்பு. உங்கள் கணக்கில் அது 2025 ஜூனோடு முடிந்துவிட்டது. அதற்குள் மகன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருந்தால் வேறு கதை. அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இடையில் செலவுக்கு என்று அவர் அனுப்பிய பணம் ஏதாவது இருந்தாலும், அதைக் கடன் தவணை என்று நிரூபிக்க முடியாது. 22 லட்சத்துக்கு நீதிமன்றக் கட்டணம் மட்டும் 3 சதவீதம், 66,000 ரூபாய். அதைக் கட்டாதீர்கள்.

மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பராமரிக்காத பிள்ளைக்குக் கொடுத்ததை ரத்து செய்ய வழி தருவது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அது பணத்துக்கும் பொருந்தும்; சொத்து என்பதில் அசையும் சொத்தையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆனால் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உறுதியாகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அந்தத் தாயைக் காப்பாற்றியதில் அதே நாளில் மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழிக்குப் பங்கு உண்டு. உங்களிடம் அப்படி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஃபிளாட்டில் பாதி மருமகள் பெயரில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்ற வரையறைக்குள் மருமகள் வரமாட்டார். முழு ஃபிளாட்டும் வங்கியின் அடமானத்தில் வேறு இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது மாதப் பராமரிப்புத் தொகைதான். சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். ஓய்வூதியம் வாங்கும் உங்களுக்கு அதுவும் முழுதாகக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே 22 லட்சம் போனது போனதுதான். இதை நேரில் சொல்லியிருந்தால் இன்னும் மென்மையாகச் சொல்லியிருப்பேன். இப்போது காப்பாற்ற வேண்டியது திருச்சி வீடு.

மகன் கேட்கும் தானப் பத்திரத்தில் செலவு குறைவு. குடும்பத்துக்குள் எழுதினால் 1 சதவீத முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000. இந்தச் சலுகையைக் காட்டித்தான் அவசரப்படுத்துவார்கள். ஆனால் பதிவாகி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு, மனம் மாறிவிட்டது என்று நீங்கள் மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரத்துப் பத்திரம் எழுத முடியாது. சிலர் முன்னெச்சரிக்கையாக 'நான் விரும்பும்போது ரத்து செய்துகொள்வேன்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 126ஆம் பிரிவின்படி, கொடுத்தவரின் விருப்பத்துக்கு ரத்தாகும் தானம் செல்லாது. அந்த வரி உங்களுக்குப் பாதுகாப்பு அல்ல.

பாதுகாப்பு தருவது இரண்டு வரிகள். உங்கள் இருவரையும் மகன் பராமரிக்க வேண்டும், தவறினால் தானம் ரத்தாகும் என்பது ஒன்று. வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுட்கால உரிமை உண்டு என்பது இன்னொன்று. மனைவி பெயரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் கணவர் மகனுக்கு எழுதிய பத்திரம். நாலாம் பக்கத்தில் 'என் ஆயுள் உள்ளவரை நான் அனுபவித்துக்கொள்ள' என்று இருந்தது. அந்த 'நான்' இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தானம் கொடுத்தவர் அவர் இல்லை என்பதால் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி அவரால் கேட்க முடியவில்லை. கடைசியில் பின்கட்டு அறை ஒன்றும் மாதம் ஒரு தொகையும் என்று சமரசம் பேசி முடித்தோம். தான் குடித்தனம் நடத்திய வீட்டில் ஓர் அறைக்கு அவர் கையெழுத்துப் போட்டதை நான் மறக்கவில்லை.

இந்த இரண்டு வரிகளையும் உங்கள் மகன் ஏற்க மாட்டார் என்று நினைக்கிறேன். கெட்டவர் என்பதால் அல்ல. ஆயுட்கால உரிமை எழுதிய வீட்டின் மேல் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். அவருக்கு வேண்டியது கடன். "சார், இந்த வரி இருந்தால் லோன் ஆகாது, எடுத்துவிடலாம்" என்று பத்திரம் எழுதுபவரே சொல்வார். அந்த இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். வரியை எடுத்துவிட்டு எழுதினால் வீடு அவருடையது, கடன் அவருடையது. தவணை நின்றால் வங்கி ஒட்டும் நோட்டீஸ் மட்டும் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக் கதவில் இருக்கும்.

என் பேச்சைக் கேட்பீர்களானால், பத்திரமே வேண்டாம். உயில் எழுதுங்கள். முத்திரைத் தீர்வை கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், உங்கள் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதலாம். வீட்டை வைத்துத்தான் கல்யாணம் என்ற நிலை வந்தால், அந்த அடமானம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மகனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். தோற்கிற வழக்கின் நோட்டீஸ் உறவையும் முறித்துவிடும். அவரை ஊருக்கு வரச் சொல்லி, 22 லட்சத்தைப் பற்றிப் பேசாமல், தங்கைக்குத் தருவதாகச் சொன்ன பத்து லட்சத்தை மட்டும் கேளுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் ஆறேழு லட்சத்துக்கு இறங்கி வாருங்கள். ஒப்புக்கொண்டால் அதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நெருங்கிய உறவுக்குள் அன்பினால் எழுதிப் பதிவு செய்த வாக்குறுதி, பிரதிபலன் இல்லாவிட்டாலும் செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. வெறும் புரோநோட்டு எழுதி வாங்கினால், எந்தப் பணத்துக்கு இந்த நோட்டு என்ற கேள்வி வரும். நாம் மறுபடி அந்த வங்கிப் படிவத்தில் போய் நிற்போம்.

தையில் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிப்பதற்கு முன் மகனோடு பேசி முடித்துவிடுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அவர் தானப் பத்திரத்தோடு வந்து நின்றால், உங்களால் மறுக்க முடியாது.