காமாலை வந்த குழந்தைக்குக் கழுத்து நிற்கத் தாமதமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை மாதம். 37 வாரத்தில் சுகப்பிரசவம், எடை 2.7 கிலோ. நான்காம் நாள் பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமி) 18 என்று இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். அதன் பிறகும் லேசான மஞ்சள் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இன்னும் கழுத்து சரியாக நிற்கவில்லை. காமாலை மூளையைத் தாக்கியிருக்குமோ?

பதில்: நான்காம் நாளில் 18 இருந்து, உடனே விளக்கின் கீழ் வைத்துக் குறைத்துவிட்ட குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிறந்ததும் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, தாய்க்கும் சேய்க்கும் ரத்தவகைப் பொருத்தமின்மை இருந்திருந்தால்தான் இந்த அளவுக்கே கவலைப்பட வேண்டும். பிலிருபின் மூளையில் படிந்தால் பெரும்பாலும் அந்த நாட்களிலேயே தெரிந்துவிடும். குழந்தை பால் உறிஞ்சாது, துவண்டு கிடக்கும், பிறகு கீச்சென்று அழுது முதுகை வில்லாக வளைக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் மஞ்சள் இருந்தது என்கிறீர்களே, அதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு இப்படி நீடிப்பது சகஜம், தீங்கும் இல்லை. ஆனால் நீடித்த மஞ்சளும் கழுத்துத் தளர்ச்சியும் ஒரே குழந்தையிடம் இருந்தால் முதலில் தைராய்டைப் பார்த்துவிட வேண்டும். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்தால் கல்லீரல் பிலிருபினை மெதுவாகத்தான் வெளியேற்றும், தசைகளும் தொளதொளவென்று இருக்கும். மலச்சிக்கல், கரகரத்த அழுகை, ஓயாத தூக்கம், துருத்திய நாக்கு, புடைத்த தொப்புள் ஆகியவை சேர்ந்து வரலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பிறந்தபோது எடுத்த டிஎஸ்எச் (தைராய்டு குறைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே டிஎஸ்எச்சும், தைராய்டு ஹார்மோனின் அளவைச் சொல்லும் ஃப்ரீ டி4-ம் எடுத்துவிடுங்கள். குறைவு உறுதியானால் தினம் தைராக்ஸின் மாத்திரை கொடுக்க வேண்டும். தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும்.

இப்போதும் கண்ணில் மஞ்சள் தெரிந்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தாலோ அது பித்தநாளச் சிக்கலாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி கழுத்து. மூன்றரை மாதத்தில் அது முழுதாக நிற்காததை மட்டும் வைத்துத் தாமதம் என்று சொல்லிவிட முடியாது. குப்புறப் படுக்க வைத்தால் தலையைத் தூக்கிச் சில நொடிகளாவது பிடிக்கிறானா? மடியில் நிமிர்த்தி வைத்தால் சற்று ஆடினாலும் தலை நடுவுக்கு வருகிறதா? அப்படியானால் நான்கு மாதம் முடியும்வரை பொறுக்கலாம். கட்டைவிரலை உள்ளே மடக்கியபடி கை எப்போதும் மூடியே இருப்பது, துணி மாற்றும்போது கால்கள் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொள்வது, ஒரு கையை மட்டுமே அசைப்பது, முகம் பார்த்துச் சிரிக்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுக்க வேண்டாம்.

கேட்கும் திறனுக்கு, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள். பிலிருபின் கெடுப்பது காதின் உட்பகுதியை அல்ல, கேட்கும் நரம்பையும் மூளைத்தண்டையும். காதின் உட்பகுதியைச் சோதிக்கும் ஓஏஈ மட்டும் எடுத்து 'பாஸ்' என்றால் அந்தக் கோளாறு தப்பிவிடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது குப்புறப் பயிற்சி. நாள் முழுக்கத் தூளியிலும் தோளிலுமாக வளரும் குழந்தைக்குக் கழுத்துத் தசையை இயக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. பால் குடித்து அரைமணி கழித்து, விழித்திருக்கும்போது தரையில் பாய் விரித்துக் குப்புறப் போடுங்கள். மார்புக்குக் கீழே சுருட்டிய துண்டு, கைகள் அதற்கு முன்னால். நீங்களும் எதிரே படுத்துப் பேசுங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம் போதும். அழுதால் எடுத்துவிட்டுப் பிறகு மறுபடியும் போடுங்கள். சில வாரங்களில் நாளொன்றுக்கு மொத்தம் அரைமணி நேரம் வர வேண்டும். தூங்குவது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

குளிப்பாட்டும்போது கழுத்தை இழுத்து முறுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டவே வேண்டாம். வசம்பும் தேவையில்லை. வைட்டமின் டி சொட்டு மருந்து தினம் 400 யூனிட் கொடுத்து வாருங்கள். நீங்கள் சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் உங்கள் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும், குழந்தை துவளும்.

நான்கு மாதம் முடிந்தும் தலை பின்னால் விழுந்தால் குழந்தை நல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். வளர்ச்சித் தாமதம் என்று அவர் சொன்னால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலுள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்தில் மதிப்பீடும் பிசியோதெரபியும் இலவசமாகக் கிடைக்கும்.