போனை பிடுங்கின நாள்லேர்ந்து வீட்ல யாரும் யார்கூடவும் பேசல, பையனும் இன்னும் பேச ஆரம்பிக்கல

வணக்கம் மேடம்,

எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல, நாலு தடவ டைப் பண்ணி அழிச்சுட்டேன். என் பையனுக்கு இப்ப 2 வயசு 2 மாசம். அம்மா, தா, போ, பூ, இப்படி எண்ணிப் பாத்தா மொத்தம் ஒரு 8 வார்த்தை சொல்றான், அவ்ளோதான். ரெண்டு வார்த்தைய சேத்து சொன்னதே இல்ல. அவன் வயசுல இருக்கற மத்த குழந்தைங்க எல்லாம் தண்ணி வேணும், அப்பா வா அப்படின்னு பேசறத பாக்கும்போது எனக்கு வயித்த பிசையுது.

அவனுக்கு 10 மாசம் இருக்கும்போது நான் திரும்ப வேலைக்கு போயிட்டேன், பகல் முழுக்க என் மாமியார்தான் பாத்துக்கறாங்க. அவங்களுக்கு முட்டி வலி, ஓடி ஓடி ஊட்ட முடியாது, அதனால போன்ல எதையாவது போட்டுக் குடுத்துட்டு ஊட்டிடறாங்க, மூணு வேளையும் அப்படித்தான். போன் இல்லாம வாயே திறக்க மாட்டேங்கறான். எடை வேற கம்மியா இருக்கான், அதனால சாப்பாடு சரியா இறங்கலன்னா பாலாவது குடிக்கட்டும்னு பாட்டில்ல 200 மில்லி, ஒரு நாளைக்கு அஞ்சு தடவ குடுத்துடறோம், ராத்திரி தூங்கும்போதும் பாட்டில்தான். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் முதல்ல கேக்கறதே இன்னிக்கு எவ்ளோ சாப்ட்டான்னுதான், அவ்ளோ பயம் எனக்கு.

போன வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல எனக்கு ஏதோ ஆயிடுச்சு, அத்தை கையிலேர்ந்து போனை பிடுங்கி உள்ள கொண்டு போய் வெச்சுட்டேன். அவன் ஒரு மணி நேரம் கத்தி அழுதான். இதனாலதான் அவன் பேசலன்னு சொல்லிட்டேன். அத்தை ஒண்ணும் சொல்லல, கைய கழுவிட்டு எழுந்து போய்ட்டாங்க, அப்புறம் அவர்கிட்ட மட்டும், நாளைலேர்ந்து உன் பொண்டாட்டியே பாத்துக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. ஆனா மறுநாளும் அவங்கதான் பாத்துக்கிட்டாங்க, என்கூட பேசறது மட்டும் இல்ல. என் வீட்டுக்காரர் கேட்டா, நானும் 3 வயசுலதான் பேசினேன், சும்மா எல்லாத்தையும் பெருசு பண்ணாதன்னு சொல்லிட்டு அவர் வேலைய பாக்கறார். பக்கத்து வீட்டக்கா ஒருத்தங்க ஆட்டிசமா இருக்குமோன்னு கேட்டாங்க, அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல, ராத்திரி 2 மணி வரைக்கும் உக்காந்து தேடிட்டே இருக்கேன்.

ஷூவ எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வருவான். நாய பாத்தா விரல நீட்டி என்னை திரும்பி பாப்பான். ஆனா பின்னாடிலேர்ந்து கூப்ட்டா பல சமயம் திரும்பறதில்ல, போன்ல இருக்கறதாலன்னு நெனச்சுக்கறோம். அடிக்கடி சளி பிடிக்கும். நான் வேலைய விட்டுடணுமா மேடம்? நான் வேலைக்கு போனதாலதான் இப்படி ஆச்சா?

பெயர் வேண்டாம்.

.

அன்பு தோழிக்கு,

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், இல்லன்னா மத்தது எதுவும் உங்க காதுல விழாது. நீங்க வேலைக்கு போனதால இது வரல. பகல்ல பாத்துக்கறது அம்மாவா பாட்டியாங்கறது குழந்தையோட பேச்ச தீர்மானிக்கறதில்ல, பக்கத்துல இருக்கறவங்க அவன் முகத்த பாத்து பேசறாங்களா, அவன் ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒண்ணு சொல்றாங்களாங்கறதுதான் முக்கியம். இதுக்காக வேலைய விடாதீங்க.

ரெண்டாவது, உங்க கணவர் சொல்ற மாதிரி காத்திருக்கவும் வேண்டாம். 2 வயசுல பெரும்பாலான குழந்தைங்க ரெண்டு வார்த்தையாவது சேத்து சொல்லும், ரெண்டரை வயசுல கிட்டத்தட்ட 50 வார்த்தை இருக்கும். உங்க பையன் அதுக்கு கொஞ்சம் பின்னாடி இருக்கான், உங்க பயம் வீண் பயம் இல்ல. லேட்டா பேசறவங்கள்ல நிறைய பேர் தானா பிடிச்சுடுவாங்கங்கறதும் உண்மைதான், ஆனா எந்தக் குழந்தை பிடிக்கும் எது பிடிக்காதுன்னு இந்த வயசுல பாத்து யாராலயும் சொல்ல முடியாது. அதனால சோதிச்சு பாத்துடறதுதான் சரி. சோதிச்சு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா நிம்மதிதானே.

முதல் வேலை காது. நீங்க கடிதத்துல போற போக்குல எழுதின ரெண்டு விஷயம்தான் என்னை நிறுத்தி வெச்சது, பின்னாடிலேர்ந்து கூப்ட்டா திரும்பறதில்ல, அடிக்கடி சளி. சளி திரும்பத் திரும்ப வர குழந்தைங்களுக்கு செவிப்பறைக்கு பின்னாடி நீர் தேங்கி நிக்கலாம், பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வெளிய ஒண்ணுமே தெரியாது, ஆனா அப்படி இருந்தா அவனுக்கு கேக்கறது காதுல பஞ்சு வெச்ச மாதிரி மந்தமாத்தான் கேக்கும். ஷூ எடுத்துட்டு வான்னா வரான்ங்கறத வெச்சு காது நல்லாருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, உங்க கைய, பார்வைய பாத்துக்கூட குழந்தைங்க புரிஞ்சுக்கும். பிறந்தப்போ எடுத்த காது டெஸ்ட் நல்லா வந்திருந்தாலும் இப்ப திரும்ப எடுக்கணும். இஎன்டி டாக்டரையும், காது எவ்ளோ கேக்குதுன்னு சோதிக்கற ஆடியாலஜிஸ்ட்டையும் இந்த வாரமே பாருங்க, சத்தம் கேக்குதான்னு ஒரு டெஸ்ட், செவிப்பறை சரியா அசையுதான்னு ஒரு டெஸ்ட், ரெண்டும் கேளுங்க.

ஆட்டிசம் பத்தி. விரல நீட்டி காமிச்சுட்டு உங்களை திரும்பி பாக்கறான் இல்லயா, அது நல்ல அறிகுறி, நான் பாத்தேன் நீயும் பாருன்னு அவன் சொல்றான், வார்த்தைதான் இன்னும் வரல. ஆனா ஒரு கடிதத்த வெச்சு நான் இருக்குன்னும் சொல்லக்கூடாது, இல்லன்னும் சொல்லக்கூடாது. 16 மாசத்துலேர்ந்து 30 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு 20 கேள்வி உள்ள ஒரு ஸ்கிரீனிங் இருக்கு, எம்-சாட்னு சொல்வாங்க, உங்க பையன் அந்த வயசுக்குள்ளதான் இருக்கான். குழந்தைகள் டாக்டர்கிட்ட கேட்டு போட்டுப் பாருங்க. அது ஒரு சல்லடை மட்டும்தான், அதுல மாட்டினாலே ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, முன்னாடி சொல்லிட்டு இருந்த வார்த்தை இப்ப காணாம போயிருந்தா அதை டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா சொல்லணும். ஸ்பீச் தெரபிஸ்ட்ட பாக்கறதுக்கு இதெல்லாம் முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம், இப்பவே அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க.

இப்ப அந்த போன் விஷயத்துக்கு வரேன், இதுல நான் சொல்லப்போறது உங்களுக்கு கொஞ்சம் வலிக்கலாம்.

போன்தான் காரணம், அத்தைதான் காரணம்னு எழுதியிருக்கீங்க. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, 200 மில்லி அஞ்சு தடவன்னா ஒரு லிட்டர் பால். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 400, 500 மில்லி தாராளம். ஒரு லிட்டர் குடிச்ச வயித்துல பசி எங்கேர்ந்து வரும்? பசி இல்லாத குழந்தைக்கு எப்படியாவது ஊட்டணும்னா என்ன வழி, கவனத்த திருப்பித்தான் ஊட்டணும். அத்தை அதைத்தான் செஞ்சாங்க. அவங்க ஏன் எப்படியாவது ஊட்டணும்? நீங்க வாசல்ல செருப்ப கழட்டும்போதே எவ்ளோ சாப்ட்டான்னு கேப்பீங்க, அதுக்கு அவங்ககிட்ட ஒரு பதில் இருக்கணும். முட்டி வலியோட நாள் முழுக்க ஒரு 2 வயசு பையன் பின்னாடி நிக்கறவங்களுக்கு அந்தக் கேள்வி பரீட்சை மாதிரி. உங்களை குத்தம் சொல்ல இதை எழுதல. உங்க பயம், அவங்க வலி, பாட்டில், போன், எல்லாம் ஒரே கயித்துலதான் கட்டியிருக்கு, நீங்க போன் நுனிய மட்டும் பிடிச்சு இழுத்தீங்க, அதான் எல்லாரும் கீழ விழுந்துட்டீங்க.

அதனால பால்லேர்ந்து ஆரம்பிங்க. ராத்திரி பாட்டில முதல்ல நிறுத்துங்க, பால் வாயில தேங்கி பல்லயும் சொத்தையாக்கும். பகல் பால கப்புக்கு மாத்துங்க, ஒண்ணு ஒண்ணா குறைச்சு ரெண்டு தடவைக்கு கொண்டு வாங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்காதீங்க. பால் அதிகமா போற குழந்தைங்களுக்கு இரும்புச்சத்து குறையும், பால்ல இரும்பு ரொம்ப கம்மி, அதோட மத்த சாப்பாட்டுக்கு வயித்துல இடமும் இருக்காது. இரும்பு குறைஞ்சா பசி இன்னும் குறையும், சிடுசிடுப்பு வரும், கத்துக்கற வேகமும் பாதிக்கும். டாக்டர்கிட்ட போகும்போது ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லுங்க, எடைய ஒரு தடவ பாத்துட்டு கவலப்படாம முந்தின மாசங்களோட எடையையும் உயரத்தையும் வரிசையா காமிங்க, வளர்ச்சி அட்டையில கோடு மேல போயிட்டே இருந்தா பயப்பட ஒண்ணும் இருக்காது. சாப்பாட்டுல பெரியவங்க வேலை என்ன, எப்போ, எங்கங்கறது வரைக்கும்தான், எவ்ளோ சாப்பிடணும்ங்கறத அவன் வயிறு சொல்லட்டும். அவனே கையால அள்ளி சிந்தி சாப்பிடட்டும், கூடவே நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க. நீங்க வீட்டுக்கு வந்ததும் கேக்கற கேள்விய மாத்துங்க, இன்னிக்கு என்ன விளையாடினான் அத்தைன்னு கேட்டுப் பாருங்க.

பசி திரும்பினாத்தான் போன எடுக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 2 வயசு முடியற வரைக்கும் குழந்தைய உக்கார வெச்சு ஸ்கிரீன் காட்டறது வேண்டாம், 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைவா இருந்தா இன்னும் நல்லது. முதல்ல ஒரு வேளை மட்டும், நீங்க வீட்ல இருக்கற வேளை, போன் இல்லாம. அழுவான், சில நாள் நல்லாவே அழுவான், கூட உக்காருங்க, திட்டாதீங்க, ஆனா அழறான்னு பாதியில குடுத்துடாதீங்க, குடுத்தா எவ்ளோ நேரம் அழுதா கிடைக்கும்னு கத்துக்குவான். அந்த நேரம் உங்க போன், அவர் போன், அத்தை போன் எதுவும் அவன் கண்ணுல படக்கூடாது.

போன்ல பாட்டு, எழுத்து எல்லாம் வருதே, அதுலேர்ந்து கத்துக்க மாட்டானான்னு வீட்ல கேப்பாங்க. 2003ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, 9 மாச குழந்தைங்களுக்கு சீன மாண்டரின் பேசறவங்க நேர்ல உக்காந்து 12 தடவ விளையாடி, கதை படிச்சாங்க, அந்தக் குழந்தைங்க அந்த மொழியோட சத்தங்கள பிரிச்சு பிடிச்சுட்டாங்க. அதே ஆளுங்க அதே விஷயத்த வீடியோல சொன்னப்போ குழந்தைங்க ஒண்ணும் கத்துக்கல. இத உங்க வீட்டுக்காரருக்கு படிச்சு காமிங்க. பேச்சு ஒரு ஆள்கிட்டேர்ந்துதான் வரும்.

அந்த ஆள்ல அவரும் ஒருத்தர். அவர் வேலைய பாக்கறார்னு எழுதியிருக்கீங்க, இதுவும் அவர் வேலைதான். தினமும் குளிப்பாட்டற பொறுப்ப அவர்கிட்ட குடுங்க, கத்துக் குடுக்கறேன்னு பக்கத்துல நிக்காதீங்க. இது என்ன சொல்லு, அது என்ன சொல்லுன்னு பையன கேள்வி கேக்க வேண்டாம், எல்லாரும் செய்யற தப்பு அது. அவன் எத பாக்கறானோ அதோட பேர சொல்லணும், தண்ணி, சுடுதண்ணி, தண்ணி ஊத்து, அப்புறம் வாய மூடிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணணும். அந்த பத்து எண்ற நேரம்தான் அவனுக்கு வேணும், நாம பொறுமை இல்லாம நாமளே பதில் சொல்லிடறோம். அவன் தா ன்னா, பந்து தா ன்னு ஒரு வார்த்தை கூட்டி திருப்பி சொல்லுங்க. காது டெஸ்ட்டுக்கும் அவர் கண்டிப்பா கூட வரணும், டாக்டர் சொல்றத நீங்க வந்து சொல்றதும் அவரே கேக்கறதும் ஒண்ணு இல்ல.

அத்தை விஷயம். மன்னிப்பு நீங்கதான் கேக்கணும், போன் சரியா தப்பாங்கறது வேற, குழந்தை முன்னாடி அவங்க கையிலேர்ந்து பிடுங்கினது தப்பு. அத்தை, அன்னிக்கு நான் பயத்துல அப்படி பண்ணிட்டேன், உங்களாலதான் நான் நிம்மதியா வேலைக்கு போறேன்னு சொல்லுங்க, ஆனா அப்படின்னு ஒரு வார்த்தை அதுக்கு பின்னாடி சேக்காதீங்க. உடனே முகம் குடுக்கலன்னா விட்டுடுங்க, ரெண்டு நாள் ஆகும். கோச்சுக்கிட்டும் மறுநாள் அவங்கதான் பேரன தூக்கினாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பால் குறைக்கறது, போன் எடுக்கறது, இதெல்லாம் உங்க வாயால வரவேண்டாம், டாக்டர் சொன்னதா அவங்க மகன் சொல்லட்டும். பகல்ல ரெண்டு மணி நேரமாவது அவங்க முட்டிக்கு ஓய்வு கிடைக்க ஒரு ஏற்பாடு பண்ணுங்க, உதவிக்கு ஆளோ, பிளே ஸ்கூலோ, உங்களுக்கு எது முடியுமோ அது. அது இல்லாம போன மட்டும் எடுத்தா அவங்கள தண்டிக்கற மாதிரி ஆயிடும்.

ராத்திரி 2 மணி தேடல இன்னியோட விடுங்க, அந்த நேரத்துல நல்ல செய்தி எதுவும் கண்ணுல படாது. தூக்கமில்லாததும் அழுகையும் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா உங்களுக்குன்னு ஒரு டாக்டர பாருங்க, பையனுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கற மாதிரியே உங்களுக்கும் வாங்கணும்.

அப்புறம், அவன் சொல்றது 8 வார்த்தைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க பாக்கறது சாயங்காலத்துக்கு அப்புறம்தான். டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்துட்டு அத்தை பக்கத்துல உக்காந்து, அவன் பகல்ல என்னென்ன சொல்றான்னு கேட்டு எழுதுங்க. நாய்க்கு வவ்னு சொன்னா அதுவும் கணக்குதான், பாதி வார்த்தையா இருந்தாலும் எப்பவும் ஒரே பொருளுக்கு அதையே சொன்னா அதுவும் கணக்குதான். உங்க லிஸ்ட்ல இல்லாத வார்த்தை அவங்ககிட்ட இருக்கலாம். காது ரிப்போர்ட் வந்ததும் அந்த லிஸ்ட்டோட எனக்கு எழுதுங்க.