ஜெர்சியின் முதுகில் யார் பெயர்?

அண்ணே, வணக்கம்.

செந்தூலில் இருந்து எழுதுகிறேன், வயது இருபத்தேழு. கோலாலம்பூரின் காற்பந்து அணி கேஎல் சிட்டியின் ரசிகன், அது அப்பா கொடுத்துவிட்டுப் போன வியாதி. ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் அணிப் பட்டியலைப் பார்க்கிறேன், பாதிப் பெயர் புதுசு. யார் எந்த இடத்தில் ஆடுவார் என்பது மனதில் பதிவதற்குள் பருவம் முடிந்து அவரும் கிளம்பிவிடுகிறார். ரொமெல் மொராலெஸ் பெயர் போட்டு ஜெர்சி வாங்கினேன், அவர் ஜொகூரின் ஜேடிதி அணிக்குப் போய்விட்டார். அதைப் போட்டுக்கொண்டு மாமாக் கடைக்குச் சாப்பிடப் போனால் கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். இப்படி வருடா வருடம் ஆள் மாற்றும் அணியை நம்பி அடுத்த பருவத்தில் என்னதான் எதிர்பார்ப்பது? உங்களுக்குச் சலிக்கவே இல்லையா? பேசாமல் நானும் ஜேடிதிக்கே மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். பெயரைப் போட்டுவிடாதீர்கள் அண்ணே, வேலையிடத்தில் எல்லாரும் சிலாங்கூர் ரசிகர்கள்.

செந்தூல் வாசகர்

*

தம்பி,

முதலில் அந்த ஜெர்சி. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கிண்ண ஆட்டம், தென்கொரியாவுக்கு எதிராக ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்தாரே, அது யார்? உங்கள் முதுகில் இருக்கிற அதே பெயர்தான். அன்றைக்கு நாடே அவரைக் கொண்டாடியது, நானோ வீட்டு சோபாவில் உட்கார்ந்து "செராஸில், நம்ம சொந்த அரங்கத்தில் பார்த்த பையன்டா இது" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை கூட்டாளிகள் சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

சலிக்கவில்லையா என்று கேட்டீர்கள். சலிக்கும். பருவ இடைவெளியில் யார் போகிறார், யார் வருகிறார் என்ற செய்தி ஒவ்வொன்றாக வரும்போது, வாடகை வீட்டுக்காரர் சாமான் ஏற்றுவதை எதிர் வீட்டிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் இந்த ஆள் மாறுவதைப் பற்றி நாம் கொஞ்சம் தப்பாகப் புலம்புகிறோமோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

என் அப்பா கோலாலம்பூர் அணிக்கு ரசிகரானதே கே. கண்ணனால்தான். "நம்ம ஆளு ஆடுறார்" என்று சொல்லி எங்களையெல்லாம் பாஸ் மினியில் ஏற்றி மெர்டேக்கா அரங்கத்துக்குக் கூட்டிப்போவார், பேருந்துக்குள் நின்ற இடத்தில் திரும்ப முடியாது, கையில் இருக்கிற கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் பக்கத்து ஆள் முழங்கையில் நசுங்கும். கண்ணன், ஃபாண்டி அகமது, மாலிக் அவாப் மூவருமே சிங்கப்பூர்க்காரர்கள். வெளியாட்கள். அதாவது என் அப்பாவின் "நம்ம ஆளு" உண்மையில் இறக்குமதி ஆட்டக்காரர்! அந்தக் காலத்தில்தான் 1987, 1988, 1989 என்று மூன்று வருடம் தொடர்ந்து மலேசியக் கிண்ணம் நம் கையில். மூன்று இறுதியாட்டத்திலும் எதிரே நின்றது கெடா. மூன்று முறை தோற்ற கெடா 1990இல் மறுபடியும் இறுதிக்கு வந்து, இந்த முறை சிலாங்கூரைத் தோற்கடித்துக் கிண்ணத்தைத் தூக்கியது. அன்றைக்கு அப்பா கைதட்டினார், எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் கைதட்டியது சரிதான்.

ஆகவே வெளியிலிருந்து ஆள் வருவது புதுசு இல்லை, போவதும் புதுசு இல்லை. வந்தவர் நம் மனதில் உட்கார நேரம் கிடைக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. ஒரு வருட ஒப்பந்தத்தில் வருகிறவருக்கு எங்கே நேரம்? பிப்ரவரியில் வீடு தேடுவார், ஜூனில் பக்கத்தில் ஆடுகிறவர் எந்தக் காலுக்குப் பந்து கேட்பார் என்று புரியும், அக்டோபரில் ஏஜெண்டுக்குப் போன் அடித்து அடுத்த இடம் கேட்க ஆரம்பித்துவிடுவார். (இப்போது பருவத்தையே வருடம் தாண்டி நடத்துகிறார்கள், மாதங்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கதை அதேதான்.)

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வயதுக்காரர்களுக்கு அதுதான் பெரிய நினைவு. நவம்பர் 30, புக்கிட் ஜாலில், ஜேடிதிக்கு எதிராக 2–0. முப்பத்திரண்டு வருடத்துக்கு அப்புறம் மலேசியக் கிண்ணம். அந்த வருடம் பயிற்றுநர் போஜான் ஹோடாக் நிறையப் புது ஆட்களைக் கொண்டுவந்தார், கோல்கீப்பர் கெவின் மெண்டோசா, தடுப்பில் கல்லிஃபூக்கோ, உங்கள் மொராலெஸ் எல்லாம் அப்போது வந்தவர்கள்தான். பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் நீங்கள் அன்றைக்கே எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்கள். ஆனால் இறுதியாட்டத்தில் கோல் போட்டது யார்? ஸாஃப்ரி யாஹ்யா, பாவ்லோ ஜோசுவே. அந்த வருடம் வாங்கி வந்தவர்கள் இல்லை இருவருமே. ஜோசுவே 2017இல் வந்தவர். அந்த வருடம் இரண்டாம் நிலை லீக்கில் சாம்பியனாகி மேலே ஏறினோம், 2019இல் கீழே விழுந்தோம், 2020இல் மறுபடி மேலே வந்தோம், அத்தனைக்கும் அவர் கூடவே இருந்தார். பிரேசிலில் பிறந்த மனுஷன், செராஸில் மழையில் நாலாயிரம் பேர்கூட இல்லாத ஆட்டத்தில் கத்திக் கத்தி ஆளை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். பின்னாளில் மலேசியக் குடியுரிமை பெற்று தேசிய அணிக்கும் ஆடினார்.

அதனால் அணிப் பட்டியல் வெளியானதும் நான் முதலில் புதுப் பெயர்களைப் பார்ப்பதில்லை. யார் தங்கினார் என்று பார்க்கிறேன். கோல்கீப்பர், நடுத் தடுப்பாளர்களில் ஒருவர், நடுத்திடலில் ஒருவர், அணித்தலைவர். இந்த நாலு பேர் போன பருவத்து ஆட்களாக இருந்தால் மீதி ஏழு பேர் எங்கிருந்து வந்தாலும் எனக்குப் பயமில்லை. கோல்கீப்பரும் போய் நடுத் தடுப்பும் போனால், முன்னால் எவ்வளவு பெரிய பெயரை வாங்கிப் போட்டாலும் முதல் ஐந்து ஆட்டம் சந்தை மாதிரிதான் இருக்கும். ஹோடாக் 2023இல் இந்தோனேசியாவின் பெர்சிப் பண்டுங்குக்குப் போனார், மெண்டோசாவும் அதே வழியில் போனார். அங்கே தொடர்ந்து இரண்டு வருடம் லீக் சாம்பியன். நம்மிடம் இருந்த எலும்பை அங்கே கொண்டுபோய் வைத்துக் கட்டினார்கள் என்று எனக்கு இன்னமும் வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

சரி, ஏன் தங்குவதில்லை? நீங்கள் ஆட்டக்காரர்கள் மேல் கோபப்படுவதுபோல் தெரிந்தது, அதனால் ஒன்று சொல்கிறேன். என் கூட்டாளி ஒருவரின் மகன் தொழில்முறை ஆட்டக்காரன். நம் அணி இல்லை, வேறு மாநிலம், பெயர் வேண்டாம். ஒரு நாள் ராத்திரி மாமாக் கடையில் என் எதிரே உட்கார்ந்து கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். அணி நிர்வாகத்திலிருந்து வந்த வாட்ஸ்அப். முதல் மாதம் "சபார்", பொறுத்துக்கொள் என்று. இரண்டாம் மாதம் "சபார்". மூன்றாம் மாதம் கும்பிடுகிற பொம்மை மட்டும், வார்த்தைகூட இல்லை. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான், தசைப்பிடிப்பு வருகிறது என்றால் பயிற்றுநருக்கு ஏன் என்று தெரியாது. அவன் ரொட்டி சானாய் ஒன்று சொன்னான், நான் இரண்டு சாப்பிடுடா என்றேன், எடை பார்ப்பார்கள் அங்கிள் என்றான். சம்பளம் தராதவர்கள் எடை மட்டும் பார்க்கிறார்கள்! வேறு அணியிலிருந்து அழைப்பு வந்ததும் அவன் போய்விட்டான். அந்த ஊர் ரசிகர்கள் அவனைப் பச்சோந்தி என்று எழுதினார்கள்.

இது ஒரு பையன் கதை மட்டும் இல்லை. நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கில் 2025–26 பருவத்தில் கெடா இல்லை, பேராக் இல்லை, பகாங் இல்லை. 2007இலும் 2008இலும் ஒரே வருடத்தில் மூன்று கிண்ணமும் எடுத்த கெடா. 2013, 2014 இரண்டிலும் மலேசியக் கிண்ணம் தூக்கிய பகாங். என் அப்பாவின் மூன்று இறுதியாட்டத்து எதிரி இன்றைக்கு அந்த லீக்கிலேயே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நல்லவேளை அவர் கேட்கவில்லை. நம் அணி மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை, சம்பளப் பாக்கிக்காக 2024–25இல் நமக்கும் புள்ளிகளை வெட்டினார்கள். திடலில் ஓடி ஓடி எடுத்த புள்ளி அலுவலகத்தில் போனது.

எங்கே தவறு என்று கேட்டால், வரவை எண்ணாமல் செலவைப் போடுகிறார்கள், அவ்வளவுதான். மாநில அரசோ ஒரு பெரிய நிறுவனமோ பணம் தரும் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடுகிறார்கள், பாதிப் பருவத்தில் அந்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. டிக்கெட் விற்றுச் சம்பளம் போட முடியாது, செராஸில் எத்தனை இருக்கை காலியாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் யாருக்கும் மூன்று வருட ஒப்பந்தம் கொடுக்கத் துணிவில்லை. ஒரு வருடம், ஒரு வருடம் என்று ஓட்டுகிறார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான ஒதுக்கீடும் கூடிக்கொண்டே போவதால், செந்தூலிலும் கெப்போங்கிலும் ஆடுகிற பையன்களை மூன்று வருடம் வைத்து வளர்ப்பதைவிட, ஒரு வருடத்துக்கு ஒரு ஆளை எடுப்பது நிர்வாகத்துக்குச் சுலபம்.

இந்த இடத்தில் என் வாதத்திலேயே ஓட்டை ஒன்று இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆளைத் தங்கவைத்தால் போதுமா? மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி, மிஃபா, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் பெயர் மாறி பெட்டாலிங் ஜெயா சிட்டியாக 2019இல் சூப்பர் லீக்கில் ஆடியது. நம் பையன்கள் பெயரை ஒலிபெருக்கியில் வரிசையாகக் கேட்டபோது என் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் ஒவ்வொரு பெயருக்கும் தொடையில் தட்டினார். கடைசிப் பருவங்களில் பி. மணியம் பயிற்சியில், ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கூட இல்லாமல் தாக்குப்பிடித்தார்கள். ஒழுங்காக நடத்திய அணி என்றுதான் நான் நினைத்தேன். 2022 முடிந்ததும் லீக்கை விட்டே விலகிவிட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்னமும் வருத்தம் மட்டும் இருக்கிறது.

ஜேடிதிக்கு மாறுவது பற்றி. 2014இல் தொடங்கி 2024–25வரை பதினோரு பருவம் தொடர்ந்து சாம்பியன், நல்லா ஆடுகிறார்கள், சம்பளம் நேரத்துக்குப் போடுகிறார்கள், மரியாதை இருக்கிறது. தாராளமாகப் போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் 2022 அக்டோபர் 22 மாதிரி ஒரு நாள் உங்களுக்கு அங்கே கிடைக்காது என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை. கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானை 3–1 என்று, அதுவும் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டு வந்த அணி, ஆசிய அணிகளுக்கான ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டத்துக்குப் புக்கிட் ஜாலிலில் நிற்கிறது. வீட்டில் முறுக்கு. மனைவி மாவு பிசைந்து வைத்துவிட்டு அச்சைப் பிழிய என்னைக் கூப்பிடுகிறார், எனக்குக் கை வலு என்று அந்த வேலை வருடா வருடம் என் பொறுப்பு. ஒரு ஈடு பிழிந்தேன், இரண்டாவது ஈடு எண்ணெயில் இருக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு எல்ஆர்டிக்கு ஓடினேன். ஓமானின் அல் சீப் அணியிடம் 0–3. திரும்பி வரும் ரயிலில் ஆட்கள் பேசவில்லை, என் சட்டையிலிருந்து எண்ணெய் வாசம்தான் வந்துகொண்டிருந்தது, எதிரே நின்ற மலாய்ப் பையன் என்னைப் பார்த்து "தீபாவளியா பாங்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வீட்டில் முறுக்கைப் பிழிந்து முடித்திருந்தார்கள், என் பங்குக்கு ஒரு வாரம் பேச்சு கேட்டேன். தோற்ற ஆட்டம்தான். ஆனாலும் என் வீட்டில் இன்னமும் அந்தத் தீபாவளியை "மூணு கோல் தீபாவளி" என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த பருவம். லீக் நமக்கு இல்லை, அதை இப்போதே ஒத்துக்கொண்டால் மனசுக்கு நல்லது. பட்டியலின் நடுவில் எங்கேயாவது முடிப்போம், ஆறாவதோ ஏழாவதோ. கிண்ணம் வேறு விஷயம். இரண்டு நல்ல ராத்திரி அமைந்தால் அரையிறுதிவரை போகலாம், அங்கே யார் எதிரே வருகிறார் என்பது குலுக்கல். நான் சொன்ன அந்த நாலு பேர் தங்கி, ஆறாவது மாதம்வரை சம்பளச் செய்தி எதுவும் நாளிதழில் வராமல் இருந்தால் என் கணக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வேன். வந்துவிட்டால், ஜனவரியில் யார் யார் கிளம்புவார்கள் என்று நீங்களும் நானும் உட்கார்ந்து பந்தயம் கட்டலாம், தோற்றவர் தே தாரே வாங்கவேண்டும்.

புது ஜெர்சி வாங்குவதானால் பெயர் போடாமல் வாங்குங்கள், பணமும் மிச்சம். முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு வருகிறீர்களா? பந்தார் துன் ரசாக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடக்கிற கூட்டத்தில் நான் இருப்பேன், பழைய மொராலெஸ் ஜெர்சி போட்டவரைத் தேடுகிறேன்.